சும்மா என்பதற்கு என்ன விலை?

அத்தியாயம் 7

வீட்டை விலைக்குக் கேட்க வந்த அம்மாள் முதலில் செய்த காரியம், குளியலறைக்குள் போய் ஃப்ளஷை அழுத்தியதுதான்.

அண்ணி மேசைக்குப் புது விரிப்பு போட்டிருந்தாள். அண்ணன் தன் பேக்கரியிலிருந்து சுடச்சுட வெண்ணெய் ரொட்டி கொண்டுவந்து அடுக்கியிருந்தான். சின்னவள் பட்டறையிலிருந்து எழுந்து வந்து ஓரமாக நின்றிருந்தாள். வந்தவரோ இதில் எதையும் பார்க்கவில்லை. "பாத்ரூம் எங்க?" என்று கேட்டுக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். தண்ணீர் கொட்டியது. குழாய் திறந்து மூடும் சத்தம். மறுபடி ஃப்ளஷ்.

"வயிறு சரியில்லையோ?" என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

"வாயை மூடுங்க," என்றாள் அண்ணி.

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார் அந்த அம்மாள். "தொட்டி எவ்வளவு நேரத்துல நிறையுதுன்னு பார்த்தேன். புதுசா வாங்கின வீட்டுல முதல் தலைவலி அங்கதான் ஆரம்பிக்கும்."

ஏற்கெனவே பதினோரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர் அவர். தரகர் அப்படிச் சொன்ன நாளிலிருந்தே இந்த வீட்டில் அவருக்குப் பெயர் பதினோரு வீட்டம்மா.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் விற்கும் பேச்சை எடுத்ததும், சின்னவள் தட்டிலிருந்து தலை நிமிராமலே "உன் இஷ்டம்ண்ணா" என்றதும், அதைக் கேட்ட அண்ணி மட்டும் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்ததும் நமக்குத் தெரியும். ரயிலடிப் பக்கம் பெரிய அடுப்போடு ஒரு மூலைக்கடை விலைக்கு வந்திருக்கிறது. அண்ணனின் பத்து வருஷக் கனவு. அப்பா விட்டுப்போன இந்த மூன்று மாடிக் கட்டடம் இருவருக்கும் பாதிப் பாதி. விற்றால், அவன் பாதியில் கடை வந்துவிடும்.

சின்னவளால் மறுக்க முடியவில்லை. நிச்சயமான கல்யாணம் நின்றுபோய், அவள் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் கிடந்த நாட்களில், ஒரு கேள்வி கேட்காமல் இரண்டாவது மாடியைக் காலி செய்து கொடுத்தவன் அவன். அவளுடைய அரைக்கும் இயந்திரத்தை முதுகில் கட்டிப் படியேற்றியவனும் அவன்தான். அங்கேதான் அவள் அதை வைத்துப் பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறாள். "இந்த ஊர்ல பாதிப் பேர் எங்க நாத்தனார் பல்லாலதான் சிரிக்கிறாங்க" என்று அண்ணி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள்.

அந்த மாடியைவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஆனால் முதுகில் இயந்திரம் சுமந்தவனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

பதினோரு வீட்டம்மா கட்டடத்தைச் சுற்றிப் பார்த்த விதமே தனி. கீழே மருந்துக்கடையிலும் தையல்கடையிலும் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டார். மீட்டர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். சுவரை மோதிரம் போட்ட விரலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். மொட்டைமாடியில் அண்ணி வளர்த்த பூந்தொட்டிகளைக் கடந்து நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.

"இது ராத்திரியில மணக்கும்," என்றாள் அண்ணி ஆசையாக.

"மணக்கட்டும். பூவுக்கு யாரும் வாடகை தர மாட்டாங்கம்மா."

அண்ணியின் முகம் வாடியதைப் பார்த்து, "என் வீட்டுலயும் வச்சிருக்கேன்," என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை என்று சின்னவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது மாடியில் இரண்டு சின்ன வீடுகள். ஒன்றில் இரண்டு நர்ஸுகள். இன்னொன்று பூட்டியிருந்தது. லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கிறவர் இருக்கும் வீடு அது. லிஃப்டே இல்லாத கட்டடத்தின் உச்சியில் ஒரு லிஃப்ட்காரர் குடியிருப்பது அந்தத் தெருவுக்கே பழைய வேடிக்கை. வேலைக்குப் போயிருந்தார்.

கீழே வந்து உட்கார்ந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்றே ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்துவிட்டான். "பின் தெருவுல இதைவிடச் சின்ன வீடும்மா. போன மாசம் என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?"

"தெரியும். வாங்கினது யாரு?"

"ஒரு டாக்டர். அவங்கம்மா அந்தத் தெருவுலதான் இருக்காங்க."

"அவர் அம்மா பக்கத்துல இருக்கணும்னு விலை கொடுத்தார். எனக்கு இந்தத் தெருவுல அம்மா இல்லையே." ரொட்டியை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்கு. குடியிருக்க வாங்குறவருக்கு ஆசைதான் விலை. வாடகைக்கு விட வாங்குற எனக்கு, வாடகைதான் விலை. மாடு எவ்வளவு கறக்கும்னு பார்ப்பேன், கொம்பு அழகா இருக்கான்னு பார்க்க மாட்டேன். சரி, நீங்க ரெண்டு பேரும் இருக்கிற மாடிக்கு என்ன வாடகை?"

அண்ணன் சிரித்துவிட்டான். "எங்க வீடுதானேம்மா? நாங்க சும்மா இருக்கோம்."

"நான் வாங்கினப்புறம் யாரும் சும்மா இருக்க முடியாதுல்ல? வெளியில விட்டா என்ன வருமோ, அதையும் சேர்த்துக்கிறேன்."

இது அண்ணன் எதிர்பாராத லாபம். அவன் இதுநாள் வரை வாடகை என்றால் வெளியார் கொடுப்பதை மட்டும்தான் எண்ணியிருந்தான். தன் மாடியும் தங்கை மாடியும் கணக்கில் வந்து உட்காரும் என்று அவனுக்குத் தெரியாது. மேசைக்கடியில் அண்ணியின் காலை ஆனந்தமாக மிதித்தான்.

"பெரிய பெரிய தொகையா சொன்னா தலை சுத்தும்," என்றார் பதினோரு வீட்டம்மா. "மொத்த வாடகை வருஷத்துக்கு நூறுன்னு வச்சுப்போம். அந்தக் கணக்குல பார்த்தா உங்களுக்கு வீட்டு விலை எவ்வளவு வந்தா போதும்?"

அண்ணன் விரல் விட்டுப் பார்த்தான். "ஆயிரம். ஆயிரம் வந்தாதான் என் பாதியில கடை முடியும்."

"ஆயிரம். நல்லது. நூறும் கைக்கு வராது. ஒருத்தர் காலி பண்ணி இன்னொருத்தர் வர்ற வரைக்கும் வீடு பூட்டிக் கிடக்கும். அதுக்கு எட்டு. வரி, காப்பீடு, படிக்கட்டு விளக்கு, கூட்டிப் பெருக்குறதுன்னு பன்னிரண்டு."

"நூறு ரொட்டி சுட்டா கருகினது, உடைஞ்சது, விக்காததுன்னு இருபது போயிடும்," என்றான் அண்ணன்.

"அதேதான்! நீங்க வீடு வாங்கி விடலாம் போலிருக்கே. மிச்சம் எண்பது. நான் நூறு போட்டா வருஷத்துக்குக் குறைஞ்சது ஏழு வரணும், இல்லைன்னா பணத்தை வங்கியிலேயே தூங்க விட்டுருவேன். அப்படின்னா கைக்கு வர்ற மிச்சத்தைப் போல பதினாலு மடங்குதான் நான் கொடுக்கிற விலை."

அண்ணன் மனக்கணக்கில் புலி. "ஆயிரத்து நூத்து இருபது!"

அவன் முகத்தில் ஓர் அடுப்பே எரிந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு தன் இரண்டாவது மாடியும் நினைவுக்கு வந்தது.

"இருங்க. ரிப்பேரை இன்னும் கழிக்கலை. அதுக்கு வருஷம் என்ன ஆகுது?"

"ஒண்ணுமே ஆகாதும்மா!" அண்ணன் மார்பை நிமிர்த்தினான். "நாலு வருஷமா ஒரு கொத்தனாரையோ பிளம்பரையோ கூப்பிட்டது கிடையாது."

பதினோரு வீட்டம்மா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"வீட்டுக்கு முப்பது வயசாகுது. மோட்டார் முனகாம ஓடுது. மொட்டைமாடியில வெடிப்பு எல்லாம் அடைச்சிருக்கு. குழாய்க்குக் குழாய் புது வாஷர். செலவே இல்லையா?" ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "எந்த வீடும் தானா நல்லா இருக்காது. யாரோ பார்த்துக்கிறாங்க. யாரு?"

அண்ணன் சின்னவளைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று கண் சொன்னதா, கெஞ்சியதா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 'அதுவா நல்லா இருக்கும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயிரத்து நூற்று இருபதில் கதை முடிந்துவிடும்.

ஆனால் அவள் பல் செய்கிறவள். மயிரிழை உயரமாக இருக்கும் பல்லைப் பளபளவென்று மெருகேற்றி அனுப்பினால், போட்டுக்கொண்டவர் முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"மூணாவது மாடியில இருக்கிறவர் பார்த்துக்கிறார்," என்றாள்.

"என்ன வாங்கிக்கிறார்?"

"ஒண்ணும் வாங்க மாட்டார். சும்மாதான் செய்றார்."

"வாடகையில கழிச்சுப்பாரோ?"

"இல்லை. முதல் தேதி முழு வாடகையும் வந்துடும்."

"அப்புறம் ஏன் செய்றார்?"

அண்ணி திடீரென்று ரொட்டித் தட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள்.

பதினோரு வீடுகளில் எத்தனையோ குழாய்களையும் குடித்தனங்களையும் பார்த்தவர், கேள்வியை மாற்றினார். "எந்த மாடியில அதிகமா ரிப்பேர் வருது?"

"ரெண்டாவது மாடிதான்," என்றான் அண்ணன் வெள்ளந்தியாக. "அங்க எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒண்ணு. ஒரு நாள் குழாய், ஒரு நாள் மின்விசிறி, மறுநாள் கதவுக் கீல். மத்த மாடியில எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், ரெண்டாவதுல மட்டும் வாரா வாரம்..."

அவன் வேகம் குறைந்தது. வாய் பாதியில் நின்றது. மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

சின்னவளுக்குக் காது வரை சூடேறியது. பழைய கட்டடம், பழைய குழாய் என்றுதான் அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். சத்தியமாக.

"எனக்கு அந்த விவரம் எல்லாம் வேண்டாம்," என்றார் பதினோரு வீட்டம்மா. அவர் குரலில் இதுவரை இல்லாத ஒரு குழைவு. "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நான் வாங்கினா, அவர் எனக்காக இதைச் செய்வாரா?"

"மாட்டவே மாட்டார்," என்று அண்ணி பட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் வெளியாள் வச்சுத்தான் செய்யணும். இந்த அளவு கட்டடத்துக்குப் பதிமூணு ஆகும். எண்பதுல பதிமூணு போனா அறுபத்தேழு. பதினாலு மடங்கு போட்டா, தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு."

அண்ணன் முகத்து அடுப்பில் யாரோ தண்ணீரை ஊற்றினார்கள்.

"ஒரு விஷயம் பார்த்தீங்களா? அவர் ஒரு பங்கு வேலை சும்மா செஞ்சா, உங்க வீட்டு விலையில அது பதினாலு பங்கு ஏறி நிக்குது. இத்தனை நாளா உங்களுக்கு அள்ளிக் கொடுத்துட்டு இருந்திருக்கார். நீங்களும் வாங்கிட்டு ஒரு டீ கொடுத்து அனுப்பியிருப்பீங்க." எழுந்து கைப்பையை எடுத்தார். "நான் ஒண்ணு சொல்றேன். கட்டடம் அவருக்கு அத்துப்படி. முறைப்படி விலை பேசி, வருஷ ஒப்பந்தமா பராமரிப்பை எடுத்துக்குவாரான்னு கேளுங்க. எட்டுக்குள்ள ஒத்துக்கிட்டார்னா விலை ஆயிரத்தைத் தாண்டிடும், நான் கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வழியனுப்ப அண்ணிதான் வாசல் வரை போனாள். அங்கே இருவரும் வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்தவளிடம் என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "பூச்செடி பத்தி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள். பூச்செடி பேசியவள் முகத்தில் அப்படியொரு கள்ளச் சிரிப்பா இருக்கும்?

"ஏன் சொன்னே?" என்றான் அண்ணன். கோபமில்லை. பந்தயத்தில் கடைசி அடியில் தடுக்கி விழுந்தவனின் குரல்.

"சொல்லாம வித்திருந்தா, அடுத்த மழைக்கு மாடி ஒழுகும்போது அந்தம்மா உன்னைத்தான் நினைப்பாங்க. எப்படி நினைப்பாங்கன்னு உனக்கே தெரியும்."

அண்ணன் மிச்சமிருந்த ரொட்டியைக் கடித்தான். கொஞ்ச நேரம் மென்றான். "அது சரி, அந்தக் கதவுக் கீல் நிஜமாவே கெட்டுப்போச்சா?"

"அண்ணா!"

"கணக்குக்குக் கேட்டேன். கேட்கக்கூடாதா?" அவன் தோளைக் குலுக்கினான். "நீயே போய் விலை பேசிட்டு வா. நான் கேட்டா அந்த மனுஷன் சும்மாதான் சார்னு சொல்லி, என்னையும் உட்கார வச்சு ஒரு குழாயைக் கழட்டிக் காட்டுவார்."

சாயங்காலம் படிக்கட்டில் அந்தப் பழகிய செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போனது. சின்னவள் எழுந்தாள்.

"அந்தப் பல் அச்சு மாவு அப்பின சட்டையோடயா போகப் போறே?" என்றாள் அண்ணி.

"விலை பேசத்தானே அண்ணி போறேன்?"

"விலை பேசப் போறவங்கதான் இன்னும் நல்லா போகணும். இந்தா, சீப்பு."

மூன்றாவது மாடிக்கு ஏறும் படிகளை அவள் ஆயிரம் தடவை ஏறியிருக்கிறாள், துணி உலர்த்த. இன்று முதல் தடவையாக ஒவ்வொரு படியும் காலுக்குத் தெரிந்தது. கதவைத் தட்டினாள்.

திறந்த லிஃப்ட்காரர், அவளைப் பார்த்ததும் யோசிக்காமல் கையை நீட்டிக் கதவோரம் மாட்டியிருந்த கருவிப் பையை எடுத்தார். "குழாயா? மின்விசிறியா?"

"ஒண்ணும் கெட்டுப் போகலை."

"ஓ," என்றார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நாற்பதை நெருங்கும் மனிதர். முப்பது மாடிக்கு மேலே கம்பியில் தொங்கி வேலை செய்கிறவர். இப்போது தன் வாசற்படியில் நிற்கவே தடுமாறினார்.

அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். நூறு, இருபது, எண்பது, பதினாலு மடங்கு எல்லாவற்றையும். வெளியாள் பதின்மூன்று கேட்பான் என்பதையும். இரண்டாவது மாடியைப் பற்றிய பகுதியை மட்டும் விழுங்கிவிட்டாள். எட்டையும் சொல்லவில்லை. அதை முன்கூட்டிச் சொல்வது முறையில்லை என்று பட்டது.

"இதுக்கு நீங்க முறையா என்ன கேட்பீங்கன்னு தெரியணும். இத்தனை நாள் சும்மா செஞ்சதை யாரும் கேட்டுக்காம இருந்தது எங்க தப்புதான்."

"நான் சும்மா செய்யலையே."

"பின்னே?"

"டீ கொடுப்பீங்கல்ல?"

"ஒரு டீக்கா?"

அவர் கருவிப் பையின் வாரைத் திருகினார். "டீ ஆறுற வரைக்கும் பேசுவீங்க. எனக்குச் சூடாத்தான் பிடிக்கும். ஆனா ஆற வச்சுத்தான் குடிப்பேன்." பிறகு, இனிமேல் மறைத்து என்ன என்ற மாதிரி, "போன மாசம் உங்க அடுப்படிக் குழாய் ஒழுகவே இல்லை. வாஷர் நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல வாஷரை எடுத்துட்டு இன்னொரு நல்ல வாஷர் போட்டேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஊரார் சிரிக்கப் பல் செய்து கொடுத்துவிட்டு, தன் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதையே மறந்திருந்தவள் அவள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை விக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அண்ணனுக்குக் கடை வேணும்."

"அண்ணனுக்குக் கடை வேணும், சரி. உங்களுக்கு என்ன வேணும்?"

தரகர் கேட்காத கேள்வி. வாங்க வந்தவரும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை, அவளே கூடத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு இங்கயே இருக்கணும்," என்றாள். சொன்ன பிறகுதான் அது இத்தனை சின்ன வாக்கியம் என்று தெரிந்தது.

லிஃப்ட்காரர் தலையாட்டினார். "நான் விலை எவ்வளவு சொன்னா வீடு கைமாறிடும்?"

அவள் தயங்கினாள். "எட்டு. எட்டுக்குள்ள இருந்தா மாறிடும்."

"அப்ப என் விலை ஒன்பது."

"ஒன்பதா!"

"வெளியாள் பதிமூணு கேட்பான்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. நான் நாலு குறைச்சுத்தான் கேட்கிறேன். உழைக்கிற கைக்கு நியாயமான கூலி. யார் வந்து கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்."

எண்பதில் ஒன்பது போனால் எழுபத்தொன்று. பதினாலு மடங்கு. அண்ணனுக்கு மட்டுமா மனக்கணக்கு வரும்? "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலு," என்றாள். "ஆயிரத்துக்கு ஆறுதான் குறையுது. அந்த ஆறுக்காக எங்கண்ணன் மூணு மாடியும் ஏறி வந்து உங்ககிட்ட பேரம் பேசுவான்."

"வரட்டும். அவருக்கும் டீ போடுறேன். ஆறட்டும், பேசலாம்."

அண்ணன் கனவை அவள் குறைத்து எடை போடவில்லை. ரயிலடியில் பெரிய அடுப்பு எரியத்தான் வேண்டும், அதற்கு இன்னொரு வழியைத் தேடத்தான் வேண்டும், தானும் சேர்ந்து தேடவேண்டும் என்று அவள் அங்கேயே நின்றபடி முடிவு செய்துகொண்டாள். ஆனால் முதுகில் இயந்திரம் சுமந்ததற்குப் பதிலாக இந்த மாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவளாகப் போட்ட கணக்கு.

"சின்னவளே!" படிக்கட்டுக்குக் கீழிருந்து அண்ணன் குரல் எழும்பி வந்தது. "எவ்வளவு சொல்றார்?"

உள்ளே லிஃப்ட்காரர் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். மாவு படிந்த கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து நின்றிருந்தான் அண்ணன்.

"இன்னும் பேசி முடியலைண்ணா!" என்று கத்திவிட்டு, அவள் உள்ளே போனாள்.